பாதி பிடித்த காலர்

வேக்குவம் மோட்டாரைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டையும் கழற்றி இழுத்ததும் கியர் ஆயில் தட்டில் வழிந்தது. அந்த அறையில் கொஞ்சம் ஆயில் இருக்க வேண்டியதுதான். ஆனால் மோட்டாரில் செருகியிருந்த ரப்பர் குழாயின் உள்ளேயும் ஆயில் பளபளத்தது. அது இருக்கக் கூடாத இடம். மோட்டாரின் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கொலராடோவின் மான்ட்ரோஸ் ஊரில் ஒரு பட்டறை. லிஃப்ட்டில் நிற்பது நண்பருடைய 1990 ஜீப் ராங்லர். யூரேயிலிருந்து டெல்லுரைடுக்குப் போகும் இமோஜீன் கணவாயில் ஏறும்போது ஃபோர்வீல் லிவரைப் போட்டும் முன்சக்கரங்கள் இழுக்கவில்லை. பக்கத்தில் பாதாளம், வண்டியில் குழந்தைகள். “இந்த வேக்குவம் சனியனே வேண்டாம்ணே, முழுத்தண்டு ஒண்ணு போட்டுறலாம்” என்று அவர் முடிவோடு வந்திருந்தார். திறந்து பார்க்காமல் எடுத்த முடிவு என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டறைக்காரருக்கும் இல்லை.

இந்த டானா 30 முன் அச்சில் வலப்பக்கத் தண்டு இரண்டு துண்டு. நடுவில் பல் வெட்டிய ஒரு காலர். அதை ஃபோர்க் ஒன்று நகர்த்துகிறது. ஃபோர்க்கை எஞ்சினின் வேக்குவத்தில் இயங்கும் அந்த மோட்டார் இழுக்கிறது. காலர் விலகியிருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பட்டறைக்காரர் காட்டினார். இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார். திறந்த துளை வழியே பார்த்தால், உள்துண்டு எதிர்த்திசையில் சுற்றுகிறது. டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் அசையவில்லை. தார்ச்சாலையில் தேய்மானமும் எரிபொருள் செலவும் குறைய இதுதான் வழி. இதே காரணத்தால்தான், காலர் பிடிக்காவிட்டால் மலையில் முன்பக்கம் மொத்தமும் செத்துவிடுகிறது. ஷாஃப்ட் சுற்றும், அந்த விசையெல்லாம் தடையில்லாத உள்துண்டை வெறுமனே சுழற்றுவதில் போய்விடும்.

அடுத்து கைப்பம்ப்பை வைத்து 15 அங்குல வேக்குவம் கொடுத்தார். காலரை விலக்கும் பக்கம் முள் நின்றது. பிடிக்க வைக்கும் பக்கம் முள் கண்ணெதிரே இறங்கியது. ஒரு குழாயும் வளைவில் வெடித்திருந்தது.

இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் 18 அங்குலம் போலக் கொடுக்கும். ஒவ்வொரு ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். இமோஜீன் உச்சி 13,114 அடி. கசியும் மோட்டாருக்கு அங்கே மிஞ்சுவது சொற்பம். ஃபோர்வீல் தேவைப்படும் இடத்தில்தான் அதைப் போடும் விசை மிகக் குறைவாக இருக்கிறது!

இதுவரை பார்த்ததை வைத்து, மோட்டாரும் குழாயும் மாற்றினால் போதும் என்றே நினைத்தேன். வேக்குவத்தை விட்டுவிட்டு கேபிளால் இழுக்கும் செட்டும் கிடைக்கிறது. உயரம் அதை ஒன்றும் செய்யாது. காலரின் பல் கூர்மையாக இருந்திருந்தால் அதைத்தான் போடச் சொல்லியிருப்பேன்.

காலரைத் துடைத்து டார்ச் அடித்தபோது எண்ணம் மாறியது. உட்பற்களின் ஒரு முனை, வாயில் கரைந்த மிட்டாய் போல மழுங்கியிருந்தது. மறுமுனை புதிதாகவே இருந்தது. வெளித்தண்டின் முனையிலும் பற்கள் சரிந்திருந்தன. விரல் வைத்தால் வழுக்கியது. ஃபோர்க்கின் திண்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. பலமில்லாத மோட்டார் காலரைப் பாதிவரைக்கும்தான் தள்ளியிருக்கிறது. முழு நீளத்தில் பரவ வேண்டிய சுமை பல வருடம் அந்த நுனியில் மட்டும் விழுந்திருக்கிறது. இந்தப் பற்களில் புதுக் காலரைப் போட்டால் அது அழுத்தத்தில் நழுவும். எனவே மோட்டார், குழாய், காலர், ஃபோர்க், தண்டு என எல்லாமே வாங்கியாக வேண்டும். அத்தனையும் வாங்கிய பிறகும் பாறை மேல் ஏறும்போது நம்பியிருப்பது அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான்.

நண்பர் கேட்ட முழுத்தண்டே போடலாம் என்று நானும் சொன்னேன். ஜீப் நிறுவனமே 1997 ராங்லரில் இந்தப் பிரிப்பு ஏற்பாட்டை விட்டுவிட்டது. இழப்பு இல்லாமல் இல்லை: இனி முன்பக்கம் எப்போதும் சுற்றும், எரிபொருள் சற்றுக் கூடும். டாஷ்போர்டின் ஃபோர்வீல் விளக்கு இந்த வேக்குவத்தால்தான் எரிந்தது, அதுவும் எரியாது. சமவெளியில் நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியாக இருந்தால் நான் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்திருக்க மாட்டேன்.

வேலையில் நேரம் தின்றது தண்டு அல்ல, ஹப். பின்னாலிருந்து மாட்டிய மூன்று பன்னிரண்டு முனை போல்ட்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, ஹப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் வெளியே வந்தது. முழுத்தண்டுக்குரிய புது சீலை உட்கார்த்தி, அதன் உதட்டில் பல் உரசாதபடி தண்டைத் தாங்கி உள்ளே விட்டார். மோட்டார் இருந்த துளைக்கு மூடித்தகடு. வேக்குவம் குழாய்களுக்கு அடைப்பு. அடைக்காமல் விட்டால் எஞ்சின் ஐடில் தடுமாறும்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, இடது சக்கரத்தை நான் சுற்றினேன். வலது சக்கரம் உடனே எதிர்த்திசையில் சுற்றியது. ஷாஃப்ட்டைப் பிடித்தவர் முகம் சுளித்தார்: அதன் யூ-ஜாயின்ட்டில் ஆட்டம். இதுவரை ஓய்விலிருந்த ஷாஃப்ட், இனி நெடுஞ்சாலை வேகத்திலும் சுற்றப்போகிறது. அந்த ஜாயின்ட்டையும் மாற்றிவிட்டே வண்டியை இறக்கச் சொன்னோம்.