மழைக்காலத்தில் வந்துசேரும் பணம்

உள்ளூராட்சி மன்றங்களின் வரவு செலவுத் திட்டக் கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் செல்லும் பணியைப் பத்திரிகை அலுவலகங்களில் எவரும் விரும்பிக் கேட்டுப் பெறுவதில்லை. பாராளுமன்றச் செய்திக்கு இருக்கும் மதிப்பும் நீதிமன்றச் செய்திக்கு இருக்கும் விறுவிறுப்பும் அதற்கு இல்லை. ஆதலால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் தலையிலேயே அது வந்து விழும். என் தலையிலும் அவ்வாறே விழுந்தது. பின்னர் வேறு பணிகள் கிடைத்தபோதும் நான் அதனை முற்றாகக் கைவிடவில்லை. ஓர் ஊர் தன்னைப்பற்றி உண்மையில் என்ன எண்ணுகின்றது என்பதை, மேடைப் பேச்சுகளைவிட அந்தப் பாதீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சிறிய தொகைகள் தெளிவாகச் சொல்லும் என்பது என் அனுபவம்.

முதற் பக்கங்களில் ஊழியர் சம்பளம், உழவு இயந்திரங்களுக்கும் வாகனங்களுக்குமான எரிபொருள், வீதி விளக்கு, வீதித் திருத்தம் என்பன இருக்கும். வருமானப் பக்கத்தில் சோலைவரி, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் முதலியன. கடைசியில் ‘நன்கொடைகள்’ என்றொரு தலைப்பு வரும். சனசமூக நிலையங்களுக்குப் பத்திரிகை வாங்குவதற்கு, முன்பள்ளிகளுக்கு, விளையாட்டுக் கழகங்களுக்கு என்று சில ஆயிரங்கள். வெளிநாடுகளில் வளர்ந்த இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சனசமூக நிலையம் என்பது எங்கள் ஊர்களில் வாசிகசாலையும் கூட்ட மண்டபமும் ஒன்றாய் அமைந்த இடம். ஊரவர்களே நிருவாகசபையைத் தெரிவுசெய்து, உள்ளூராட்சி மன்றத்தில் பதிந்து நடத்துவார்கள். வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து இரவல் வாங்க வேண்டிய அவசியமின்றி, ‘உள்ளூர் மக்கள் குழுவுக்கு மாநகரசபை மானியம்’ என்னும் ஏற்பாடு எங்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பிற்காலத்தில் இந்தத் தலைப்பின் கீழ் ‘சுற்றுச்சூழல்’ என்ற புதிய சொல்லும் குடியேறியது. குளம் தூர்வாருதல், மரநடுகை, கூட்டெருத் தயாரிப்பு என்று பணம் ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட பணம் என்னவாயிற்று என்பதைத் தேடிச் சென்றபோதுதான், பணத்தின் அளவைவிடப் பணத்தின் காலமே பெரிய சிக்கல் என்பது விளங்கிற்று.

எமது நாட்டின் நிதியாண்டு ஜனவரி முதலாந் திகதி பிறந்து டிசம்பர் 31 ஆந் திகதி முடிவது. பாதீடு நிறைவேறி, ஒதுக்கீடு உறுதியாகி, மதிப்பீடு தயாரித்து, கேள்வி கோரி, ஒப்பந்தம் எழுதுவதற்குள் பெரும்பாலும் புரட்டாசி வந்துவிடும். மேலிடத்திலிருந்து வரவேண்டிய நிதியாயின் இன்னும் பிந்தும். வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை பொழிவதோ ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையில். குளத்தைத் தூர்வாருவதற்குரிய காலம் குளம் வற்றிக் கிடக்கும் ஆனி முதல் ஆவணி வரை. அப்போது பணம் இராது. பணம் வரும்போது குளத்தில் தண்ணீர் நிற்கும். டிசம்பர் 31 க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால், இறங்க முடியாத குளத்தின் கரையிலே சீமெந்து இருக்கைகள் முளைக்கும். பெயர்ப்பலகை எழும். தூர் அப்படியே கிடக்கும். இதிலே களவு செய்தவர் எவருமில்லை. கணக்காய்வாளர் வந்து பார்த்தாலும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும். ஆயினும் குளம் ஆழமாகவில்லை.

மரநடுகையின் கதையும் இதன் மறுபக்கந்தான். உலக சுற்றாடல் தினம் ஜூன் 5. படம் எடுப்பதற்கு நல்ல நாள். ஆனால் யாழ்ப்பாணத்தில் அது சோளகம் வீசி மண்ணைக் காயவைக்கும் காலம். அன்று நட்ட கன்றுகளில் எத்தனை ஆவணியைக் கண்டன என்பதை அந்தந்தப் பாடசாலை மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2013 முதல் 2018 வரை இயங்கிய வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியது இந்த வகையில் அறிவுபூர்வமான செயல். நாட்காட்டியை மழைக்கு இசைவாக மாற்றினார்கள். பணத்தின் நாட்காட்டியை மாற்றுவது மட்டும் எவராலும் முடியவில்லை.

இந்த இடத்தில் எங்களவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ மாநகரத்தின் அனுபவமொன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் வாசகர்களிற் பலர் தங்கள் வீட்டருகே நடந்த இக்கதையை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ரொறன்ரோ மாநகரசபைக்கு நகரின் வடக்கே, ரிச்மண்ட்ஹில் பக்கத்தில், லாங்ஸ்ராஃப் என்ற இடத்தில் ஒரு சிறைச்சாலைப் பண்ணை சொந்தமாக இருந்தது. சிறைப் பண்ணை மூடப்பட்டு நெடுங்காலத்தின் பின் அந்த நிலம் விற்கப்பட்டது. அவ்வேளையில் காலநிலை மாற்றம் பற்றிய கவலை அந்நகரில் அரும்பியிருந்தது. 1988 இல் வளிமண்டல மாற்றம் பற்றிய சர்வதேச மாநாடு அங்கேதான் நடைபெற்றது. 1991 இல் மாநகரசபை, நிலம் விற்ற பணத்திலிருந்து 23 மில்லியன் கனேடிய டொலரைத் தனியாக ஒதுக்கி ‘ரொறன்ரோ வளிமண்டல நிதியம்’ என்ற அமைப்பை உருவாக்கியது. நிபந்தனை எளியது. முதல் செலவழிந்து போகக்கூடாது. முதலீட்டின் வருமானத்திலிருந்து மானியமும் கடனும் வழங்க வேண்டும். ஆண்டுதோறும் வரிப்பணத்தில் கைநீட்டத் தேவையில்லை.

எங்கள் ஊர்க் கோயில்களின் நித்திய பூசைக்கு நிலம் எழுதிவைத்த முன்னோருக்கு இந்த ஏற்பாடு புதுமையாய்த் தோன்றியிராது. தென்னங்காணியை எழுதிவைப்பார்கள், காணி நிற்கும், தேங்காய் மட்டும் செலவாகும்.

அந்த நிதியம் ஆரம்பத்தில் கைகொடுத்த முயற்சிகளில் ஒன்று ஒன்ராறியோ ஏரியின் ஆழ்நீரைக் கொண்டு நகரின் கட்டடங்களைக் குளிரூட்டுவது. ஏறத்தாழ 83 மீற்றர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் 4 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நீரை ஐந்து கிலோமீற்றர் நீளமான குழாய்களால் இழுத்து, அதன் குளிரை மாத்திரம் பெற்றுக்கொண்டு, நீரை நகரின் குடிநீர் விநியோகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. 2004 இல் அது இயங்கத் தொடங்கியது. எண்ணமாக முளைத்துக் குழாயாக முடிவதற்கு எத்தனை நிதியாண்டுகள் கடந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம். டிசம்பரில் காலாவதியாகும் பணத்தால் அதனைத் தொடக்கியிருக்க முடியாது.

பெரிய வேலைகளுக்கு மட்டுமன்றி மிகச் சிறியவற்றுக்கும் அந்நகரம் வழி வைத்திருக்கின்றது. 2018 இல் தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள் முதலிய மகரந்தம் காவும் உயிர்களைக் காக்கும் கொள்கையொன்றை மாநகரசபை ஏற்றது. மறு ஆண்டிலிருந்து, அயலவர்கள் சேர்ந்து அந்த மண்ணுக்கே உரிய செடிகளைக் கொண்டு தோட்டம் அமைப்பதற்கு 5,000 டொலர் வரை மானியம் வழங்கி வந்தது. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது ஸ்காபரோவில் வாழும் நண்பரொருவர் தொலைபேசியில் கூறினார்: “எங்கடை தொடர்மாடி முன்றலிலை இருந்த புல்லை எடுத்துப்போட்டு பூக்கண்டு வைச்சிருக்கிறம். பதினைஞ்சு வருசமா மின்தூக்கியிலை தலையாட்டின ஆக்கள் இப்பதான் ஒருத்தருக்கொருத்தர் பேர் கேட்டவை.” வண்ணத்துப்பூச்சிக்கென்று வந்த பணம் மனிதர்களையும் அறிமுகப்படுத்தியிருக்கின்றது.

அயலில் உள்ள கேரளமும் பார்க்கத்தக்கது. 1996 இல் அங்கு தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. திருச்சூர் மாவட்டத்தில் 2008 இல் ‘மழப்பொலிமா’ என்ற திட்டம் தொடங்கியது. கூரையில் விழும் மழையைக் குழாயாலும் வடிகட்டியாலும் வீட்டுக் கிணற்றுக்குள் இறக்குவது. ஊராட்சிகளின் உதவியோடு வீடுவீடாகச் செய்வது. அவ்வளவுதான் திட்டம். அதைப் படித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்துக் கிணறுகளே கண்முன் நின்றன.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுந்தான் ஆறு. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை ஆகிய பகுதிகளில் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரே எமது சொத்து. கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை அது. மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். மேலே இடும் உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக அதனுள் இறங்கும். 2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்துவைக்கப்பட்டது. வேண்டிய வேலைதான், குறைசொல்வதற்கில்லை. ஆனால் 100 சதுர மீற்றர் கூரையொன்றில், ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் மழையெனக் கொண்டால், 125,000 லீற்றர் நீர் விழுகின்றது. பாதி ஆவியாகியும் வழிந்தும் போனாலும் மீதியைக் கிணற்றுக்கு அனுப்ப ஒரு பீலியும் குழாயும் மணல் வடிகட்டியும் போதும். பீலி பூட்ட இயலாத குடும்பத்துக்குக் கைகொடுப்பது, ஊர்க் கேணியைத் துப்புரவாக்குவது ஆகியன பிரதேச சபையின் சிறு மானியத்துக்கு அளவெடுத்துத் தைத்த வேலைகள்.

சிறு மானியம் தானாகவே நன்மை தந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓரிடத்தில் கூட்டெரு செய்வதற்கென்று வீடுகளுக்குப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாக்கள் வழங்கினார்கள். வழங்கிய நாளில் படம் வந்தது. அடுத்த ஆண்டு அவ்வழியே சென்றபோது சிலவற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஒருவரை நியமிக்கும் செலவு மதிப்பீட்டில் இருக்கவில்லை. பொருளுக்குப் பணம் உண்டு. ஆளுக்குப் பணம் இல்லை. குப்பையைத் தரம்பிரிக்கும் சிறு வேலைகளை இவ்வாறு கைவிட்ட நாட்டில்தான் 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

மாறாக, இன்னோர் ஊரிலே சனசமூக நிலையமொன்று மிகச் சிறிய தொகையைப் பெற்று ஒரு கேணியைத் துப்புரவாக்கியது. வேலை சிரமதானம், பணம் கயிற்றுக்கும் கல்லுக்கும் தேநீருக்கும். அவர்கள் செய்த கெட்டித்தனம் என்னவென்றால், செலவுக் கணக்கைப் பத்திரிகைகள் கிடக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியதுதான். வந்தவர் எல்லோரும் பார்த்தார்கள். தேயிலைக்கு இவ்வளவா என்று ஒரு முதியவர் சண்டையும் பிடித்தார். அந்தச் சண்டையினாலேயே அடுத்த ஆண்டும் கேணியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தங்கள் பணம் என்ற எண்ணம் வந்துவிட்டால் பராமரிப்பும் வந்துவிடுகின்றது.

எங்கள் மன்றங்களிடம் விற்பதற்குச் சிறைப்பண்ணை இல்லையே என்று கேட்கலாம். வேறு இரண்டு வரவுகள் இருக்கின்றன. காணி உறுதி முடிக்கும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றங்கள் அறவிடும் தண்டப்பணமும் மாகாண சபைகளின் ஊடாக உள்ளூராட்சிகளுக்குச் சேரவேண்டியவை. தோட்டக்காணியொன்று துண்டாடப்பட்டு விற்கப்படும் ஒவ்வொரு தடவையும் புதிதாய் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும் நிலத்தடி நீரின்மேல் சுமையாகின்றன. அந்த விற்பனையின் தீர்வையிலிருந்து நூற்றுக்கு ஐந்தையாவது நீருக்கென்று ஒதுக்கி, முதல் கரையாத நிதியமாகச் சேர்ப்பது நியாயமான கோரிக்கை. உரிய ஒழுங்குகளை மாகாண மட்டத்தில் ஆக்கிக்கொள்ளலாம்; 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்று கூறப்பட்டு, 2025 மே 6 வரையில் எங்கள் ஊர்களின் பாதீடுகளைத் தெரிவுசெய்யப்படாத அதிகாரிகளே கையாண்டார்கள். அந்த இரண்டாண்டுகளில் ‘நன்கொடைகள்’ என்ற தலைப்பைக் குறித்துக் கேள்வி கேட்பதற்கு மண்டபத்தில் எவரும் இல்லை. இப்போது கேட்பதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதீட்டை வாசிக்கும்போது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதோடு எந்த மாதத்தில் அது கைக்கு வரும் என்பதையும் கேட்பார்களாயின் பெரும் உபகாரமாகும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள குளத்துக்கோ கேணிக்கோ உதவ நினைப்பவர்கள் பலர் திறப்பு விழாவுடன் முடியும் வேலைக்கே பணம் அனுப்புகின்றார்கள். நினைவுக்கல் பதிக்கப்படுகின்றது, மூன்றாம் ஆண்டில் சல்வீனியா மூடுகின்றது. அதே தொகையை ஊரவரின் பொறுப்பில் வைப்பிலிட்டு, வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் தூர்வார ஏற்பாடு செய்யலாம். பெயர் சற்றுச் சிறிதாகத்தான் தெரியும். கார்த்திகையில் மழை வரும்போது குளம் ஆழமாக இருக்கும்.