மருந்துக் கேனுக்கு ஓர் ஆணி

போத்தலைக் கையில் வாங்கியதும் அக்கா ஓர் அழுத்து அழுத்துகிறார். படபடவென்று நொறுங்கினால் அது மினரல் தண்ணீர் ரகம், இடது பக்கக் கோணிக்குப் போகும். ஷாம்பு, சவர்க்காரத் திரவம் வந்த போத்தல்கள் சத்தமில்லாமல் மந்தமாக அமுங்கும்; அவை வலது பக்கம். சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தாப்பாவ் டப்பாவை மடக்கினால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், அதற்கு வேறு கோணி. அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்று எண் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

"அதப் பாக்க கண்ணாடி போடணும் தம்பி. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டிருந்தா ஒரு கோணி முடியறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

சந்தேகம் வந்தால் மட்டும் தண்ணீர் வாளி. ஒரு துண்டு வெட்டிப் போடுவார். 2, 5 மிதக்கும், 1 மூழ்கும். தண்ணீர்ப் போத்தலின் உடம்பு மூழ்குகிற ரகம், அதன் மூடி மிதக்கிற ரகம். பெரிய ஆலைகளிலும் அரைத்த சில்லுகளைத் தொட்டியில் விட்டு இப்படித்தான் பிரிக்கிறார்கள். டின்களுக்குக் காந்தம் வைத்திருக்கிறார். கெட்டிப்பால் டின்னில் ஒட்டும், குளிர்பான டின்னில் ஒட்டாது. ஒட்டாத அலுமினியத்துக்குத்தான் நல்ல விலை.

அக்கா இப்படிப் பழைய சாமான்களைப் பிரிக்கும் கொட்டகை இருப்பது பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங்கில். பெர்ணம் ஆற்றங்கரை ஊர். ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். 1906-இல் டேனியப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியைத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அக்கா வேலை செய்தது அந்தத் தோட்டத்தில் அல்ல. அவருடைய தோட்டம் சிறியது. இன்று அந்த இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். பழைய பேப்பரும் போத்தலும் விற்று வரும் வெள்ளி முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் காலணிக்கும் புத்தகப் பைக்கும் போகிறது. சம்பளம் என்று ஒரு காசு எடுப்பதில்லை.

கொட்டகையின் பின்மூலையில் நாலைந்து வெள்ளைக் கேன்கள் தனியாகக் கிடந்தன. கெட்டியான, நல்ல எடையுள்ள, இரண்டாம் எண் பிளாஸ்டிக். விற்றால் காசு வருமே என்றேன். அக்காவின் முகம் மாறியது.

"அது தோட்டத்து மருந்துக் கேன். நான் வாங்கறதில்ல. ராத்திரியோட ராத்திரியா யாராச்சும் வாசல்ல போட்டுட்டுப் போயிடறாங்க."

கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கேனைக் கவிழ்த்து, அடிப்பக்கம் ஆணியை வைத்து, சுத்தியலால் இரண்டு போடு போட்டார். பக்கவாட்டிலும் இரண்டு ஓட்டை. அதற்குப் பிறகுதான் அதைத் தோட்டத்து ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புவார். ஆணி எதற்கு என்பது மருந்தடித்தவர்களுக்குத் தெரியும். அக்கா முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்தடித்தவர். அந்தக் காலத்து லயத்து வீடுகளில் காலிக் கேனைக் கழுவி, தண்ணீர் பிடித்து வைக்கிற வழக்கம் இருந்தது. கேன் வலுவானது, மூடி இறுக்கமானது, சும்மா கிடைப்பது. எத்தனை முறை அலசினாலும் உள்சுவரில் ஊறியது முழுதாகப் போகாது. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி, கேனை ஓட்டை போட வேண்டும் என்பது விதி. அதை மருந்தடிக்க வரிசையில் நின்றவர்களுக்கு அன்று யார் சொன்னார்கள்?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பக்கம் பேச்சு திரும்பியது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அதற்கு முறிவு மருந்து கிடையாது. மலேசியா 2002-இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாக நிறுத்தியது. இடையில் போன வருஷங்களுக்குக் கணக்குக் கொடுக்க ஆளில்லை. அக்காவிடம் வந்து சேரும் கேன்களில் இப்போது வேறு மருந்துகளின் பெயர் இருக்கிறது. ஆணி அதே ஆணிதான்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும் என்பதற்கு நாட்டில் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் அது கட்டாயம். கோலாலம்பூர், ஜொகூர், பகாங், கெடா எல்லாம் அதில் இருந்தன. பேராக் அப்போது சேரவில்லை. அதனால் இங்கே சோற்றுப் பருக்கையும் பேப்பரும் பேட்டரியும் ஒரே பையில் வருவதை அந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியவில்லை. அக்காவைப் போன்றவர்கள் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்மணி நயமாகப் பேசிச் செய்துகொண்டிருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமையைவிட எரிச்சல்தான் அதிகம்.

பிரிக்கிற கலையைச் சீனப் பாட்டிமார்களிடம் கற்றேன் என்றார் அக்கா. ட்சூச்சி என்ற பௌத்தத் தொண்டு அமைப்பின் தொண்டர்களைச் சொல்கிறார். 1990-இல் தைவானின் தைச்சுங் நகரில் பேசிய பிக்குணி செங் யென், கைதட்டும் கைகளால் குப்பையைப் பிரியுங்கள் என்று கேட்டுக்கொண்டதில் தொடங்கிய வேலை அது. மலேசியாவில் பல ஊர்களில் முதியவர்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொழி புரியாமல், கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாராம்.

வெளிநாட்டிலிருந்து வரும் குப்பையின் கதையையும் அக்காவிடம் சொன்னேன். 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை அடைத்தது. அந்தக் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. கோல லங்காட்டின் ஜென்ஜாரோமில் சட்டவிரோத ஆலைகள் முளைத்து, எரித்த புகையில் ஊர் மூச்சுத் திணறியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மகேஸ்வரி சங்கரலிங்கம் போன்றவர்கள் அந்தக் கழிவு வணிகத்தை விடாமல் எதிர்த்துப் பேசினார்கள். 2019-இல் அன்றைய அமைச்சர் இயோ பீ யின் கொள்கலன்களைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். பாசல் ஒப்பந்தத்தின் புதிய பிளாஸ்டிக் விதிகள் 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தன. இதையெல்லாம் நான் விவரிக்க, அக்கா ஒரே கேள்வி கேட்டார்: "அவங்க ஊர்ல பிரிக்கறதுக்கு ஆளே கெடையாதா?"

இந்த வேலைக்காகக் கோயில் மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை, மாலை, நீளமான உரைகள். மேசை நிறையப் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள். பேச அழைத்ததும் அக்கா மைக்கைத் தூரமாகவே பிடித்துக்கொண்டு இரண்டே விஷயம் சொன்னார். குடுக்கறத கழுவிக் குடுங்க. பொன்னாடைக்குப் பதிலா கொட்டகைக்கு ரெண்டு ஜிங்க் தகடு குடுத்திருக்கலாம். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டதில் கணக்கு இருக்கிறது. அட்டைப்பெட்டி நனைந்தால், பழைய சாமான் வாங்கும் தவுக்கே ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார். ஊறிப் போனால் எடுக்கவே மாட்டார். ஹுத்தான் மெலிந்தாங்கில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான் போனபோது கூரையில் கைநுழைகிற அளவுக்கு ஓட்டை, அதன்கீழே தார்ப்பாய் விரித்த அட்டை அடுக்கு. திரும்பும் வழியில் கோயில் செயலாளரைப் பார்த்துத் தகடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்.