கண்ணும் கன்னும்

மஞ்சள் வெட்டு, வேக வைக்கிறது, காய வைக்கிறதுன்னு ஒரு மாசமா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னைக்கு உரக்கணக்கு, பூச்சிமருந்து எதுவும் இல்லீங்க. எங்க வீட்டுச் சின்ன முதலாளியம்மாவைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன்.

பாப்பாவுக்கு வர்ற சித்திரையில ரெண்டு வயசு முடியுது. ஒன்றரை வயசு வரைக்கும் "ம்மா"வைத் தவிர வேற சொல் வரலை. எங்கம்மா வசம்பைச் சுட்டு நாக்குல தடவணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா அதெல்லாம் வேண்டாம்னுட்டாங்க. "பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறாளா? சொன்னது புரியுதா? அப்பக் கவலைப்படாதீங்க, நிறையப் பேச்சுக் குடுங்க. ரெண்டு வயசு வாக்குல ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னா கூட்டிட்டு வாங்க, காதைச் சோதிச்சுப் பார்த்துக்கலாம்" அப்படின்னாங்க. மனசு ஓரத்துல அந்த ரெண்டு வார்த்தைக் கணக்கு மட்டும் ஓடிட்டே இருந்துச்சு.

அப்புறம் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது. ரகரம் சின்னக் குழந்தைகளுக்குக் கடைசியிலதான் நாக்குக்குப் பிடிபடும். அதனால டிராக்டரும் தாத்தா, எங்கப்பாவும் தாத்தா. ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, "கண்ணு, தாத்தா எங்க?"ன்னு கேட்டார். இவ கட்டைவிரலை வாயில கவுத்துக் காட்டி, "டீச்சு"ன்னா. டீசல் ஊத்தப் போயிருக்குதுன்னு அர்த்தம். வெத்தலைகூடப் போடாத எங்கப்பாவைப் பார்த்து அவர், "ஏனுங் மாமா, புதுப் பழக்கமாட்ட இருக்குது?"ன்னு ஒரு வாரம் விடலை.

கோழிக்குத் தீனி போடறப்ப எங்கம்மா "பா... பா... பா"ன்னு கூப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களை "வாங்கன்னு கூப்பிடு கண்ணு"ன்னு சொன்னா, இவ வெறுங்கையை வீசி இறைச்சுட்டே "பா பா பா"ங்கறா. வந்தவங்க சிரிச்சுட்டாங்க. நல்லவேளை.

இதுல பெரிய சிக்கல் ஒண்ணு இருந்துச்சுங்க. எங்க பக்கம் குழந்தையைக் கூப்பிடறது "கண்ணு". கட்டுத்தறியில நிக்கறது "கன்னு". நமக்கு ரெண்டும் வேற வேற. அவ காதுக்கு ரெண்டும் ஒண்ணு. எங்கம்மா "கண்ணு, வா"ன்னா இவ ஓடிப் போயி கன்னுக்குட்டி பக்கத்துல நிப்பா. கன்னுக்குத் தவிடு வைக்கச் சொன்னா இவ வாயைத் திறப்பா. நாங்களும் அதை வேடிக்கையாவே வச்சிருந்தோம்.

போன மாசம் அந்தக் கன்னைக் குடுக்க வேண்டியதாப் போச்சு. கலப்பினக் காளைக் கன்னு. எங்கப்பா காலத்துல காளைக் கன்னுன்னா ஏருக்காகும், வண்டிக்காகும். இப்ப உழவெல்லாம் டிராக்டர்தான். சும்மா கட்டி வச்சுத் தீனி போட்டாக் கட்டுபடியாகாது. வியாபாரிகிட்டப் போன்ல பேசிட்டிருந்தேன். "ஆமாங்க, கன்னை வித்தரலாம். வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்குத்தானே? வண்டி அனுப்புங்க, ஏத்தி விட்டர்றேன்."

திண்ணையில விளையாடிட்டிருந்தவ எந்திரிச்சு ஓடிப் போயி அவங்கம்மா சீலையைப் பிடிச்சுக்கிட்டா. "கண்ணு வேணா. வண்டி வேணா"ன்னு அழுகை. கன்னுக்குட்டிக்காக அழறான்னு நினைச்சு, "பார்றா, பாசத்தை"ன்னு எல்லாரும் சிரிச்சோம். அப்புறம்தான் தன்னோட நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இன்னொருக்கா "கண்ணு... வேணா"ன்னா.

சிரிப்பு அப்படியே நின்னு போச்சுங்க. நர்ஸம்மா சொன்ன ரெண்டு வார்த்தை அன்னைக்குத்தான் முதல் முதலாச் சேர்ந்து வந்துச்சு. சந்தோசப்படறதா என்னன்னு தெரியாம எங்க வீட்டுக்காரம்மா அவளைத் தூக்கி இறுக்கிக்கிட்டா.

புறநானூறு 92ஆவது பாட்டுல ஔவையார் அதியமான்கிட்ட, மழலைக்கு அர்த்தம் தெரியாட்டியும் தகப்பனுக்கு அது அருமைதான்னு சொல்லியிருக்காங்க. அர்த்தம் தெரிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சுது.

வியாழக்கிழமை வண்டி வந்து கன்னு போயிருச்சு. பொழுது சாயற வரைக்கும் அவ இடுப்பை விட்டு இறங்கலை. அன்னையிலிருந்து எங்கம்மா அவளைப் "பாப்பா"ன்னு மட்டும்தான் கூப்பிடறாங்க. நான் போனை எடுத்தா இவ கிட்ட வந்து, "பாப்பா இங்க"ன்னு ஞாபகப்படுத்திட்டுப் போறா.

போன வாரம் டிராக்டர் "டாத்தரு" ஆயிருச்சு. இனி எங்கப்பா டீசல் குடிக்க மாட்டார். உங்க வீட்டுலயும் இந்த வயசுல ஒண்ணு இருந்தா, அது சொல்றதைப் பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துலயாவது எழுதி வையுங்க. நாக்கு திருந்திருச்சுன்னா அந்தச் சொல்லு அப்புறம் திரும்பி வராதுங்க.