பாதியில் விட்ட படம்

துண்டு துண்டாக வெட்டிய ஒரு படத்தைத் திரும்பச் சேர்த்தெடுக்கும் ஜிக்ஸோ புதிர் பழையதொரு விளையாட்டு. 1760களில் லண்டனில் வரைபடம் செதுக்கி விற்று வந்த ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பவர், தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து, பிள்ளைகள் படிப்பதற்காகக் கொடுத்தார். பலகைப் புதிரைப் பாதியில் விட்டெழுந்தாலும் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இணையத்தில் ஆடும் புதிருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் வீட்டுக்குள் என்ன நடக்கலாம் என்பதை எங்கள் குடும்பத்திலேயே கண்டோம்.

மச்சான் வபாத்தான பின் ராத்தா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். ஓதல், தொழுகை போக மிஞ்சிய நேரம் அவருக்குப் பெரும் பாரமாக இருந்தது. தோஹாவில் இருக்கும் மகள் ஓர் ஐபெட் அனுப்பி, அதில் 500 துண்டுப் புதிரொன்றைத் திறந்து கொடுத்தாள். காலிக் கோட்டை வெளிச்சவீடும் அதன் எதிரே மீரான் பள்ளிவாசலும் உள்ள படம். (உருவப் படங்கள் வேண்டாமென்று ராத்தாவே தெரிந்தெடுத்தது, நான் வாய் திறக்கவில்லை.) இரண்டுமே வெள்ளை. எந்த வெள்ளை பள்ளியின் சுவர், எந்த வெள்ளை வெளிச்சவீடு என்று பிரித்தறியவே அவருக்கு ஒரு கிழமை சென்றது. "இதில கண் இருக்கிற நேரம் மனசு கொஞ்சம் ஆறுது தம்பி" என்பார்.

ரமழானின் கடைசிப் பத்து வந்ததும் புதிரை மூடி வைத்துவிட்டார். பெருநாள் கழிந்து திறந்தால், ஐந்நூறும் சிதறிக் கிடந்தன. இடையில் ஐபெட்டைத் தொட்டவன் பதினொரு வயதுப் பேரன் மட்டுமே. பாடம் பார்ப்பதற்காக எடுத்திருக்கிறான். "வல்லாஹி, நான் அழிக்கல்ல உம்மும்மா" என்று அழுதான். யாரும் நம்பவில்லை. இரண்டு நாள் உம்மும்மாவின் அறைப் பக்கம் அவன் வரவேயில்லை. ஊகத்தைப் பற்றி ஸூரதுல் ஹுஜுராத் 12ஆம் வசனம் எச்சரிப்பது அயலவர் விடயத்தில் மட்டுமன்று. வீட்டுக்குள் இருக்கும் சிறுவனுக்கும் அந்த உரிமை உண்டு.

கணினி கற்பிக்கும் ஒரு தம்பியிடம் விசாரித்தபோது விளக்கம் கிடைத்தது. கணக்குத் திறக்காமல் ஆடும் புதிர்களில், துண்டுகள் எங்கே இருக்கின்றன என்ற விபரம் பெரும்பாலும் நமது கருவியின் பிரவுசருக்குள்தான் சேமிக்கப்படுகிறது. ஐபோனிலும் ஐபெட்டிலும் உள்ள சஃபாரி பிரவுசர் 2020இலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. ஒரு தளத்துக்குப் போகாமல் சஃபாரியை மட்டும் ஏழு நாட்கள் பாவித்துவிட்டால், அந்தத் தளம் இவ்வாறு சேமித்து வைத்ததைத் தானாகவே அழித்துவிடும். நம்மைப் பின்தொடரும் விளம்பரக்காரர்களைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. ராத்தாவின் பள்ளிவாசலும் அதில் அகப்பட்டுக் கொண்டது. நாட்களை எண்ணிப் பார்த்தோம், சரியாக ஒத்து வந்தது.

ராத்தா பேரனைக் கூப்பிட்டு, "உம்மும்மாக்கு மாப்புத் தா மகன்" என்றார். பெரியவர்கள் சிறுவரிடம் இப்படிக் கேட்பதை நான் அதிகம் கண்டதில்லை. அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, அன்றே அவருக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தான். இரகசியச் சொல் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியதும் அதுதான். கணக்கில் சேமிக்கும் தளமாயின் விபரம் அவர்களது கணினியில் இருக்கும். வேறு போனிலும் தொடரலாம். பிரவுசரில் மட்டும் சேமிப்பதாயின் அதே கருவி, அதே பிரவுசர் வேண்டும். தனிப்பட்ட ஜன்னலில் ஆடினால் மூடியதும் போய்விடும். போனில் இடம் போதவில்லையென்று பிரவுசர் தரவுகளைத் துடைத்தாலும் அப்படித்தான்.

பாங்கு சொன்ன பிறகும் "இன்னும் நாலு துண்டுதான்" என்று பிள்ளைகள் இழுப்பதற்கு, எழுந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயமும் ஒரு காரணம். ஆகவே புதிய தளமொன்றில் முதல்நாளே பத்துத் துண்டுகளைப் பொருத்திவிட்டு மூடுங்கள். தொழுதுவிட்டு வந்து திறந்து பாருங்கள். பத்தும் இருந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் வேறு தளம் தேடுங்கள்.