ஜல்லித் தூளில் ஒரு பச்சை

ஃபெல்ஸ்பார் மூட்டை மாறிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர், அந்தப் பட்டறையில் கிளேஸ் கரைக்கும் அக்காதான். பட்டறைக்காரருக்கோ சூளைக்காரருக்கோ அது தெரியவில்லை. "பழைய மூட்டையில லேசா ரோஸ் கலந்திருக்கும் சார். இது வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. கரைச்சு வெச்சா மறுநாளே பக்கெட் அடியில கெட்டியா புடிச்சிக்கிச்சு. துடுப்பு இறங்கல" என்றார். மூட்டையின் மேல் அதே பெயர், அதே விலை. அதைப் பூசிச் சுட்ட கோப்பைகளில் கிளேஸ் வழிந்து சூளைப் பலகையில் ஒட்டியது. ஒட்டாமல் தப்பியவற்றில் வலைபோல் மயிரிழை விரிசல். உள்ளே இருந்தது பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் அல்ல, சோடா ஃபெல்ஸ்பார்.

பட்டறை ஆரோவில் பக்கம், செம்மண் மேட்டில், முந்திரித் தோப்பை ஒட்டி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் உயர்வெப்ப மண்பாண்டத் தொழில் வேர்பிடித்ததற்கு ஒரு தொடக்கம் உண்டு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று பட்டறைகள் பெருகின. நான் போன பட்டறையும் அந்த வழியில் வந்த ஒரு சிறு கிளை. குயவர் வீட்டுச் சட்டிப்பானை 900 டிகிரிக்குள் வெந்துவிடும், நீரும் கசியும். இங்கே 1280 டிகிரி வரை போகிறார்கள். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிறது, மேலே பூசிய கல் உருகிக் கண்ணாடியாகிறது.

கிளேஸ் என்பது சாயமோ வார்னிஷோ அல்ல, பாண்டத்தின் மேலேயே உருகி உறையும் கண்ணாடி. கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா, அதாவது நம் ஊர் வெங்கச்சங்கல். அது தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்தக் குயவர் சூளையும் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே அதை இளக்க பொட்டாஷ், சோடா, சுண்ணாம்பு, மக்னீசியா ஆகியவற்றில் ஏதாவது சேர வேண்டும். இளகியது வழிந்தோடாமல் சுவரில் நிற்க அலுமினா வேண்டும். அது களிமண்ணிலிருந்து வரும். ஃபெல்ஸ்பார் என்ற கல்லில் பொட்டாஷ் அல்லது சோடா, அலுமினா, சிலிக்கா மூன்றும் சேர்ந்தே இருப்பதால்தான் உலகமெங்கும் குயவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

பட்டறைச் சுவரில் சாக்பீஸால் 4-3-2-1 என்று எழுதியிருந்தது. ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சின் பெயரோடு வழங்கும் கலவை அது: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் 20, வெள்ளைக் களி 10. மனப்பாடம் செய்ய எளிது. ஆனால் அது எடைக் கணக்கு. நெருப்புக்கு எடை தெரியாது, மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் தெரியும். சுண்ணாம்புக்கல்லின் மூலக்கூறு எடை 100, பொட்டாஷ் ஃபெல்ஸ்பாருக்கு 557. போதாக்குறைக்கு, சுண்ணாம்புக்கல் சூளையில் தன் எடையில் 44 விழுக்காட்டை வாயுவாக விட்டுவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பெர்லினில் இருந்த ஹெர்மன் சேகர் என்ற வேதியியலாளர். 1880களில் அவர் செய்தது இவ்வளவுதான்: இளக்கும் பொருள்களின் மூலக்கூறுகளையெல்லாம் கூட்டி 1 என்று வைத்துக்கொண்டு, அலுமினாவும் சிலிக்காவும் அதற்கு எத்தனை மடங்கு என்று பார்த்தார். லீச்சின் கலவையை அப்படிப் போட்டால் பொட்டாஷ் 0.26, சுண்ணாம்பு 0.74, அலுமினா 0.41, சிலிக்கா 3.7 என்று வரும். 1912இல் அமெரிக்கர் ஸ்டல், சிலிக்கா அலுமினாவைப் போல் எட்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் பளபளப்பு, ஐந்துக்குக் கீழே போனால் மங்கல் என்று படம் போட்டுக் காட்டினார். இன்றும் அந்தப் படம் செல்லுபடியாகிறது.

இனி மாறிப்போன மூட்டையைப் பாருங்கள். அதே 40 பங்கு, சோடா ஃபெல்ஸ்பார். அலுமினா 0.42, சிலிக்கா 3.7. ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை! 0.26 பொட்டாஷ் போன இடத்தில் 0.28 சோடா வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சோடா கூடுதலாக இளக்கும், ஆகவே வழிந்தது. சூடு ஆறும்போது சோடாக் கண்ணாடி கூடுதலாகச் சுருங்கும். அடியிலுள்ள பாண்டம் அந்த அளவு சுருங்காது, ஆகவே விரிசல். சோடா தண்ணீரில் கொஞ்சம் கரைந்து காரத்தைக் கூட்டிவிடுவதால் பக்கெட் அடியில் இறுகவும் செய்யும். அக்கா கண்ணாலும் துடுப்பாலும் கண்டதற்கெல்லாம் காகிதத்தில் காரணம் இருந்தது. குவார்ட்ஸையும் களியையும் சில பங்கு கூட்டி, பக்கெட்டில் ஒரு சிட்டிகை எப்சம் உப்பைப் போட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். வெறும் 4-3-2-1ஐ நம்பி உட்கார்ந்திருந்தால் சூளையையும் விறகையும்தான் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

மூட்டையை இனி முழுதாக நம்ப முடியாது என்றான பிறகுதான் கருங்கல் மேல் அவர்கள் பார்வை திரும்பியது. அதிக தூரமில்லை, திருவக்கரை. கல்மரப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் குவாரியும் கிரஷரும் நிறைய. (வட தமிழகத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட்டும் நைசும்.) ஜல்லி உடைத்து மிஞ்சும் மெல்லிய தூள் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதில் ஒரு சாக்கு வாங்கி வந்தார்கள்.

கணக்குக்கு முதலில் நூல்களில் உள்ள கிரானைட் சராசரியை எடுத்துக்கொண்டார்கள்: சிலிக்கா 72, அலுமினா 14, பொட்டாஷும் சோடாவும் சேர்ந்து 8, இரும்பு 3, சுண்ணாம்பு 2 விழுக்காடு. சேகர் முறையில் போட்டால் அலுமினா 0.9, சிலிக்கா 7.8. தனியாகச் சுட்டால் 1280 டிகிரியில் சரியாக உருகாது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. 80 பங்கு கல்லுக்கு 20 பங்கு சுண்ணாம்புக்கல் சேர்த்தால் அலுமினா 0.35, சிலிக்கா 3.0. லீச்சின் கலவைக்கு அருகில் வந்து நிற்கிறது. ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் மலையே கலந்து வைத்துவிட்டது, சுண்ணாம்பு மட்டும்தான் குறை.

சோதனை வில்லைகளை அக்கா எனக்கு வரிசையாக அடுக்கிக் காட்டினார். கல் மட்டும் பூசியது சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று கிடந்தது. சுண்ணாம்பு பத்துப் பங்கில் உருகியிருந்தது, ஆனால் இழுபறியாக. இருபதில் தெளிவான ஆலிவ் பச்சை, விளிம்பில் மெல்லியதாகி, குழியில் தேங்கிக் கறுத்து. முப்பதில் வழிந்து வில்லையோடு பலகையையும் பிடித்துக்கொண்டது. பச்சைக்கு அவர்கள் எந்த நிறப்பொடியும் போடவில்லை. கல்லிலேயே இருந்த இரும்புதான். காற்று தாராளமாகக் கிடைத்தால் அதே இரும்பு பழுப்பு மஞ்சளாகியிருக்கும். சூளையில் காற்றை அடைத்து, சவுக்கு விறகை நெருக்கித் திணித்துப் புகையவிடுவதால் இரும்பிலிருந்து ஆக்சிஜன் பறிபோய்ப் பச்சையாகிறது. சீனத்துச் செலடான் பாண்டங்களின் பச்சையும் இதே வேதியியல்தான்.

சூளைக்காரர் அந்த வேலையைச் செய்வதைப் பார்த்தேன். அடுப்பு வாயில் விறகைச் செருகிவிட்டு ஓடிப்போய்ப் புகைபோக்கியைப் பார்ப்பார். கரும்புகை மெலிந்தால் அடுத்த கட்டு. வேவுத்துளை வழியே, குறித்த சூட்டில் வளையும் மூன்று கோன்கள் தெரியும். அதுவும் சேகர் விட்டுப்போனதுதான். நடுக் கோன் தலை சாய்ந்ததும், "போதும், மூடு" என்றார். அவருக்கு நிறத்தைப் பற்றிக் கவலையில்லை, பலகை தப்பினால் சரி. பலகையின் விலையைக் கேட்ட பிறகு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

அடுப்பில் மிஞ்சும் சவுக்குச் சாம்பலும் வீணாவதில்லை. அதில் சுண்ணாம்பு மிகுதி என்பதால், சலித்துச் சுண்ணாம்புக்கல்லுக்குப் பதிலாகப் போட்டும் பார்க்கிறார்கள். உமிச் சாம்பல் கிட்டத்தட்ட 90 விழுக்காடு சிலிக்கா. அதற்கு வேறு உபயோகம். சாம்பல் தண்ணீர் கையை அரித்துவிடும். அக்காவின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. உறை மாட்டினால் கெட்டிப்பதம் தெரியவில்லை என்று கழற்றிவிடுகிறாராம்.

எனக்குப் பிடித்தது, அந்தப் பட்டறையில் கணக்கு நோட்டு அக்காவின் கையில் இருந்தது. பத்தாவதோடு நின்றவர். மூலக்கூறு எடைகளை அட்டையில் எழுதித் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். எல்லாப் பட்டறையிலும் இப்படியில்லை. கிளேஸ் கலவையைக் குடும்ப நகைபோல் பூட்டி வைத்து, கரைப்பவருக்கு எடையை மட்டும் சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. கல் மாறும்போது அந்தப் பூட்டிய நோட்டு உதவாது. மூட்டையைத் தொடுபவருக்குக் கணக்கும் தெரிந்தால்தான் உதவும்.

கிரஷர் தூள் இலவசம் என்று யாரும் மயங்க வேண்டாம். அதைப் பந்து ஆலையில் (ball mill) போட்டு நெடுநேரம் அரைத்தால்தான் நல்ல கிளேஸ் ஆகும். மின்கட்டணம் மிச்சத்தைத் தின்றுவிடும். அடுத்த லோடு குவாரியின் வேறு முகத்திலிருந்து வரலாம், அப்போது சோதனை வில்லையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கல் தூளை ஒருபோதும் காய்ந்த நிலையில் இடிக்காதீர்கள், சலிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஈரத்திலேயே அரையுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூசியைத் தடுக்கும் சரியான முகக்கவசம் இல்லாமல் மூட்டையை அவிழ்க்காதீர்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ். அதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.