கால் செய்த குற்றம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஆடு தேடிப் போய்க் குளவியிடம் கொட்டு வாங்காதவர்கள் குறைவு. கொட்டியதும் யாராவது சுண்ணாம்போடு ஓடி வருவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் ஓர் அவில் மாத்திரை. எனக்கு வலியைவிடத் தடிப்பின் மேல்தான் கண். வெளுத்து மேடிட்டு, சுற்றிலும் சிவந்து நிற்கிறதே, அதற்குள் இருப்பது நீர். ஆடிக் காற்றில் உதடு வெடிக்கிற இந்த ஊரில் அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?

குளவி இல்லாமலும் பார்க்கலாம். முன்கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். முதலில் கோடு சிவக்கும். பிறகு சிவப்பு ஓரம் தாண்டிப் பரவும். சிலருக்குக் கோடே கயிறாகப் புடைத்துக்கொள்ளும். லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதையே வேலையாகச் செய்து, 1927இல் தோலின் இரத்தக் குழாய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அடிபட்ட தோல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைப் போன்ற ஏதோ ஒன்றை விடுகிறது என்பது அவர் முடிவு. ஹிஸ்டமினேதான் என்று சொல்லத் துணியாமல் ‘எச்-பொருள்’ என்றார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீர் வெளியேறும் வழி 1961இல் தெரிந்தது. கைடோ மஜ்னோவும் ஜார்ஜ் பலாடேயும் எலிகளுக்கு ஹிஸ்டமின் செலுத்தி, இரத்தத்தில் நுண்துகள்களைக் கலந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கசிந்தவை தந்துகிகள் அல்ல, அவற்றை அடுத்து வரும் நுண்சிரைகள். அவற்றின் உட்சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே 0.1 முதல் 0.8 மைக்ரான் வரை இடைவெளி விழுந்திருந்தது. ஹிஸ்டமின் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, செல் சுருங்குகிறது, பக்கத்துச் செல்லோடு இருந்த பிடி தளர்கிறது. கண்மாய்க் கரையில் நண்டுவளை வழியே தண்ணீர் போகிற மாதிரி இரத்தத்தின் நீர் அந்தச் சந்துகளில் வெளியேறுகிறது. ஆக, அது நம் சொந்தத் தண்ணீர்தான்.

குளவி என்றாலே எனக்குத் திருச்சுழிக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார். 1879 டிசம்பர் 30இல் இங்கே பிறந்த வேங்கடராமன், பிற்பாடு ரமண மகரிஷி. திருவண்ணாமலை மலைமேல் ஒருநாள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு புதரில் அவர் தொடை உரசியது. உள்ளே குளவிக்கூடு. மொத்தக் கூட்டமும் கிளம்பி, உரசிய காலை மட்டும் குறிவைத்துக் கொட்டியிருக்கிறது. நானாக இருந்தால் வேட்டியை உதறிக்கொண்டு அடிவாரம்வரை ஓடியிருப்பேன். அவர் நகரவில்லை. தப்புச் செய்த கால், தண்டனையையும் அதுவே வாங்கட்டும் என்று கொட்டி முடிக்கும்வரை நின்றார். கால் வீங்கி, நாள்கணக்கில் நடக்கச் சிரமப்பட்டார். பல காலம் கழித்து, பக்கத்து இராமநாதபுரத்துக்காரரான அவருடைய அடியார் முருகனார், தெரியாமல் பட்டதற்கு எதற்கு வருந்த வேண்டும் என்று கேட்டார். ரமணர் பாட்டாகவே பதில் சொன்னார்: தெரியாமல் செய்ததுதான் என்றாலும், அவற்றின் வீட்டைக் கெடுத்ததற்கு வருத்தம்கூட இல்லையென்றால் அது என்ன மனம்?

இந்த வழக்கில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குளவி விஷத்தில் ஹிஸ்டமின் கொஞ்சம் இருக்கிறது. அதோடு மாஸ்டோபரான் என்ற பொருளும் உண்டு. அது நம் தோலில் காவல் இருக்கும் மாஸ்ட் செல்களைக் கிளறி, அவை மூட்டை கட்டி வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கும். அப்படியானால் தண்டனையில் ஒரு பங்கைக் குற்றவாளிக் காலே தனக்குக் கொடுத்துக்கொண்டது. நாள்கணக்கில் நின்ற வீக்கத்தை மட்டும் ஹிஸ்டமின் கணக்கில் எழுத முடியாது. அது திறந்த சந்துகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். மிச்சம், திசுவை அரிக்கும் விஷ நொதிகளும் அங்கே வந்து கூடும் வெள்ளணுக்களும் செய்தது.

ஒவ்வாமை உள்ள உடம்பில் கதை வேறு. ஒரே கொட்டில் உடம்பு முழுக்க நுண்சிரைகள் கசியத் தொடங்கும், இரத்த அழுத்தம் விழும், மூச்சு முட்டும். அங்கே சுண்ணாம்பும் உதவாது, அவிலை நம்பி உட்காரவும் கூடாது. உடனே அட்ரினலின் ஊசி வேண்டும். மலைமேல் அன்று அதற்கு எங்கே போவது? ரமணர் அப்படிப்பட்ட உடம்புக்காரராக இருந்திருந்தால், முருகனார் கேள்வியோடு வந்து சேர்ந்தபோது பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது.