சி-யில் தொடங்கும் எண்

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் பண்ணைப்புரத்தில் கரண்ட் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். பேட்டரி செத்த மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் பாடு திண்டாட்டம். எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வைத்திருப்பது அப்படிப்பட்டது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. கரண்ட் போய் அணைந்ததை மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஓர் எண்: சைபர், எக்ஸ், சி, அடுத்து ஆறு சைபர், கடைசியில் எஃப்.

"அண்ணே, கடையில பார்மட் போட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்க. போட்டோ எல்லாம் போயிருமாமே?" என்றாள்.

கம்ப்யூட்டர் எழவில்லையா, பார்மட் போடு என்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. பழுது என்னவென்று திரையே சொல்கிறது. அதைப் படிக்காமல் ஒரு குடும்பத்தின் படங்களை அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணை யார் வைத்தார்கள், அது என்ன சொல்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் என்டி ஸ்டேட்டஸ் பட்டியலில் அது அப்படியே இருக்கிறது. சி என்பதை இரும எண்ணாக எழுதினால் 1100. முதல் இரண்டு பிட்டுகள் நிலைமையைக் காட்டுகின்றன: 00 வெற்றி, 01 தகவல், 10 எச்சரிக்கை, 11 பிழை. கடைசியில் நிற்கும் எஃப், அதாவது 15, எந்தப் பிழை என்பதற்கான எண். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பொருள். அதே இடத்தில் ஈ இருந்தால் அப்படி ஒரு சாதனமே இல்லை என்றாகும். ஓர் எழுத்து மாறினால் பார்க்க வேண்டிய இடமே மாறிவிடுகிறது.

காணாமல்போன கோப்பு எது? விஸ்டா காலத்திலிருந்து, விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற விவரம் பிசிடி என்ற சின்னக் கோப்பில்தான் இருக்கிறது. பூட் மேனேஜர் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே போகும். கரண்ட் போனதில் அது கெட்டிருக்கலாம். ஆனால் ஹார்ட் டிஸ்க்கே கெட்டிருந்தால்?

அதைக் கண்டுபிடிக்க வழி அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் விண்டோஸோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அத்தனை வருடமும் அவள் அதைத் திறந்ததே இல்லை. மெனுவில் பாஸைத் தேர்ந்தெடுத்தோம், எழுந்துவிட்டது. டெர்மினலில் டி-மெசேஜ் கட்டளை கொடுத்தால், கெர்னல் எழும்போது கண்டதெல்லாம் வரி வரியாக, ஒவ்வொரு வரிக்கு முன்னும் விநாடிக் கணக்கோடு ஓடுகிறது. டிஸ்க் படிக்க முடியாமல் திணறினால் ஐ-ஓ எரர் என்று செக்டர் எண்ணோடு அங்கே வந்துவிடும். அப்படி ஒன்றுகூட இல்லை. முதலில் படங்களைப் பென் டிரைவில் ஏற்றினோம். பிறகு விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, பூட்ரெக் கட்டளையால் பிசிடியைப் புதிதாக எழுதினோம். அதே கட்டளையில் ஃபிக்ஸ் எம்பிஆர் என்றும் ஒரு வழி உண்டு. இப்படி இரண்டு ஓஎஸ் உள்ள கணினியில் அதைத் தொடவே கூடாது, பாஸுக்குப் போகும் மெனு அழிந்துவிடும்.

விண்டோஸ் வந்த பிறகும் அந்த சி என்னை விடவில்லை. 1993-இல் வந்த விண்டோஸ் என்டியை வடிவமைத்தவர் டேவ் கட்லர். 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வருமுன் டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அந்த விஎம்எஸ்ஸிலும் எண்ணுக்குள்ளேயே நிலைமையை வைத்திருந்தார்கள், ஆனால் கடைசி மூன்று பிட்டுகளில். ஒற்றைப்படை என்றால் வெற்றி, இரட்டைப்படை என்றால் தோல்வி. என்டியில் அது எண்ணின் தலைப்பக்கம் ஏறிக்கொண்டது. அதனால்தான் சி-யைப் பார்த்ததுமே பிழை என்று தெரிந்துவிடுகிறது.

போன வாரம் அவளிடமிருந்து மறுபடி ஒரு படம் வந்தது. கடைக்குப் போகவில்லை, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். எண்ணின் கடைசியில் ஈ. "அடி மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க் சரியா உக்காந்திருக்கான்னு பாரும்மா" என்று பதில் போட்டேன்.